எட்டு நிமிடம்

கூட்டத்தில் நான் பேசக் கூடாது.
எழுதத்தான் சம்பளம்.
எழுதினேன்:
தேதி, நேரம், வந்தவர் பெயர்,
பெனோய் சாலை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
சுமையோடு அசையாமல் நின்ற பாரந்தூக்கியை
எழுதவில்லை.

வழக்கு இவ்வளவுதான்.
வாசலில் அட்டையைத் தட்டிய பிறகு
தூசியில்லா அறைக்குள் கால் வைக்கும் முன்
தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு இரண்டிரண்டு,
கழுத்து வரை வெள்ளை அங்கி,
பிறகு காற்றுக் குளியல்.
பன்னிரண்டு நிமிடம்.
அந்தப் பன்னிரண்டு யாருடையது?

"எங்களுடையது" என்றார் ருஸ்லான், கிளைத் தலைவர்.
சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது,
என்னிடம்தான் கடன் வாங்குவார்.

திருவாட்டி செங் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.
அறுநூற்று நாற்பது பேர், இருபத்தாறு நாள்,
மாதத்துக்கு மூவாயிரத்து முந்நூற்று இருபத்தெட்டு மணி நேரம்,
மணிக்குப் பதினொரு வெள்ளி.
"படகேறினால் ஒரு மணி நேரத்தில் பாத்தாம்" என்றார்.
மிரட்டலாக இல்லை.
சாயங்காலம் மழை வரும் என்பதுபோல.

"ஒரு தலைமுடி, மேடம்.
அவசரத்தில் உறைக்கு வெளியே நின்றுபோன ஒரே முடி.
ஒரு தட்டு முழுக்கக் குப்பை.
என் ஆளுக்கு அது ஏழு மாதச் சம்பளம்.
காசு கொடுங்கள், நிதானமாக உடுத்துவார்கள்."

அதன் பிறகு குளிர்சாதனம் மட்டும் பேசியது.
அதையும் எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் சொந்த வேன் வைத்துப் பொட்டலம் கொடுப்பவர்.
சங்கம் என்றால் அவருக்கு பிரேக்.
"வண்டியை நிறுத்தத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது."
பிரேக் இல்லாத வண்டியில் நீங்கள் ஏறுவீர்களா என்றேன்.
ஏறமாட்டார்.
ஆனாலும் அன்றிரவு பதினொன்றரைக்கு
செயலி கூப்பிட்டதும்
பாதிச் சோற்றில் எழுந்து போனார்.
பேரம் பேச அவருக்கு ஆளில்லை.
எனக்கும் அப்போது சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது கூட்டத்தில் முடிந்தது.
எட்டு. ஏப்ரல் முதல்.
கறிபாப் வந்தது, கோப்பி வந்தது, கைகுலுக்கினார்கள்.
"இரு தரப்பும் இணங்கின" என்று தட்டச்சினேன்.
மீதி நான்கு எங்கே போயிற்று என்று கேட்க
குறிப்பில் அதற்கொரு தலைப்பு இல்லை.

சொல்லியாக வேண்டும்:
அந்த வருடம் முடி குறைந்தது. கழிவும் குறைந்தது.
திருவாட்டி செங் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கையில்
அது நிர்வாகத்தின் முயற்சி.

மறு வருடம் மூன்றாம் வரிசை படகேறியது.
தொண்ணூறு பேர்.
ஐம்பத்தொரு பேருக்கு ருஸ்லான் வேறு வேலை பிடித்தார்,
பயிற்சிக்குக் காசும்.
மற்றவர்களுக்குப் பணிக்கொடை, ஒரு கடிதம்.
எட்டு நிமிடம்தான் காரணம் என்றது புகைபிடிக்கும் மூலை.
இரண்டு வருடம் முன்பே முடிவானது என்றார் செங்.
கோப்பு என் கையில்தான் இருந்தது.
அதில் இரண்டு தேதி.
ஒன்று கூட்டத்துக்கு முன், ஒன்று பின்.
கையெழுத்து பின்னதில்.

சங்கம் நல்லதா கெட்டதா என்று
இன்னும் கேட்கிறார் வீட்டுக்காரர், சிக்னலில் நிற்கும்போதெல்லாம்.
எந்தத் தேதியைச் சொல்வது?

போன வாரம், அங்கிகளை எண்ணி அடுக்கும் பெரியகருப்பன்,
குத்தகைக்காரரின் ஆள், இளையான்குடிப் பக்கம்,
மெதுவாக வந்து நின்றான்.
"அக்கா, நானும் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போறேன்.
எனக்கு எத்தன நிமிசம்?"

அறுநூற்று நாற்பது பெயரையும்
கடைசிப் பக்கம் வரை தேடுவதாகப் பாவனை செய்தேன்.
"பரவால்லக்கா" என்று உடுத்தத் தொடங்கினான்.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஐந்தே நிமிடம்.
ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை.